ஐம்பத்திரண்டாவது நிமிஷத்துக் கதவு

உ

வண்ணார்பேட்டை,
திருநெல்வேலி.
25-8-1997, திங்கட்கிழமை.

சிரஞ்சீவி மாப்பிள்ளை சுந்தர் அவர்களுக்கு, மாமனார் தாணுமாலையன் அநேக ஆசீர்வாதம் சொல்லி எழுதிக்கொண்டது.

இங்கே நானும் உங்கள் அத்தை நீலாம்பாளும் உடம்பளவில் சுகம். நீங்கள் சிங்கப்பூரிலிருந்து வாங்கிவந்த வீடியோ டெக் சுகம், டிவி சுகம். ஆற்றில் தண்ணீர் ஆவணிக்குப் பரவாயில்லை. அங்கே உங்கள் சுகத்தையும் எங்கள் மகள் சித்ரலேகாவின் சுகத்தையும், பின்னதைக் கொஞ்சம் விரிவாகவும், எழுதவேண்டியது. இதெல்லாம் முறைக்கு எழுதியது. இனி விஷயத்துக்கு வருகிறேன். அந்தப் பெண் உட்கார்ந்திருக்கிற அறையின் இரும்புக் கதவு கடைசியில் திறந்ததா இல்லையா? இதற்குப் பதில் தெரியாமல் செப்டம்பர் பன்னிரண்டாம் தேதி நான் அந்தக் கேசட்டை யார் கையிலும் கொடுக்கப்போவதில்லை. உங்கள் தகப்பனார் கோபித்துக்கொண்டாலும் சரி.

எந்தப் பெண், எந்தக் கதவு, மாமாவுக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். ஆதியோடந்தமாகச் சொல்லிவிடுகிறேன். வைகாசியில் கல்யாணத்துக்கு வந்தபோது ஐந்து வெளிநாட்டுக் கேசட் கொண்டுவந்து, ஊர்க் கேசட்டில் சீக்கிரம் பூஞ்சை விழுந்துவிடும், கல்யாணத்தை இதில் பதியுங்கள் என்று வீடியோக்கார ஷேக் மைதீனிடம் கொடுத்தீர்கள் அல்லவா. நீங்களும் சித்ரலேகாவும் விமானம் ஏறி ஒரு மாதம் கழித்து, ஆனிக் கடைசியில் ஒரு சனிக்கிழமை, அவன் எங்கள் வீட்டுக்கான கேசட்டைக் கொண்டுவந்து கொடுத்தான். அப்போதே போட்டுப் பார்த்திருந்தால் வினையில்லை. ஆனால் மாப்பிள்ளை வீட்டார் பார்க்குமுன் பெண் வீட்டார் பார்ப்பது மரியாதையில்லை என்று உங்கள் அத்தை தடுத்துவிட்டாள். கேசட்டுக்குக் குங்குமம் வைத்து சாமி படத்துக்கு முன்னால் வைத்தோம். மறுநாள் மூன்று மணிக்கு திசையன்விளையிலிருந்து உங்கள் தகப்பனார் கோமதிசங்கர் அண்ணாச்சியும் தாயாரும் பதினோரு உருப்படியோடு வேனில் வந்து இறங்கினார்கள். அல்வா, மிக்சர், காப்பி எல்லாம் ஆனபிறகு, உங்கள் தகப்பனார் கையாலேயே கேசட்டை டெக்கில் போடச் சொன்னோம்.

முதலில் மழை வந்தது. கேமராவில் பிடித்த மழை இல்லை, கையால் வரைந்த மழை. இருட்டில் தலை தெரியாத உயரத்துக்கு ஒரு கட்டடம். ஆள் இல்லை, பாட்டு இல்லை, நாலு நிமிஷம் அதே மழை, அதே கட்டடம். ஷேக் மைதீன் கிராபிக்ஸுக்குப் பேர்போனவன் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்காது. போன தையில் பாளையங்கோட்டைக் கல்யாணம் ஒன்றில் பெண்ணும் மாப்பிள்ளையும் தாமரைப்பூவுக்குள்ளிருந்து எழுந்து ராக்கெட்டில் ஏறிப் போவதாகச் செய்து, பார்த்தவர்களெல்லாம் அசந்துபோனார்கள். ஆகவே கூடத்தில் இருந்த பத்தொன்பது பேரும் இதுவும் கிராபிக்ஸ்தான் என்று எடுத்துக்கொண்டோம். உங்கள் தகப்பனார் துண்டை மடியில் போட்டுக்கொண்டு, "பையனுக்கு வேலை சிங்கப்பூர்லங்கதால சிங்கப்பூர்லருந்தே ஆரம்பிக்கான் பாத்தியளா. இதுல்லா வேலை" என்றார். எங்களுக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

பிறகு ஒரு பெண் வந்தாள். முகத்தில் பாதி கண். கையில் ஒரு விளக்கைப் பிடித்துக்கொண்டு மாடிப்படி ஏறினாள், ஏறினாள், ஏழு நிமிஷம் ஏறினாள். கண்ணைப் பார்த்தாலே தெரிகிறதே, நம்ம சித்ரலேகாவைத்தான் வரைந்திருக்கிறான் என்று பக்கத்து வீட்டு சுடலைவடிவு மதினி கண்டுபிடித்துச் சொன்னாள். உடனே உங்கள் தாயார் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். ஒரு கட்டத்தில் அந்தப் பெண் தன் முழங்கையை ஒரு டப்பாவைத் திறப்பதுபோலத் திறந்தாள். உள்ளே சிவப்பும் பச்சையுமாகக் கம்பிகள். எனக்குத் திக்கென்றது. மதினி, அது மருதாணி டிசைன் என்றாள். எல்லோரும் ஆமாம் என்றோம். எங்களுக்கு, இது மாப்பிள்ளை வீட்டார் சொல்லிச் செய்த ஏற்பாடோ, வாயைத் திறந்தால் குறை சொன்னதாகிவிடுமோ என்று பயம். உங்கள் வீட்டாருக்கு, பெண் வீட்டார் ஆசையாகச் செய்தது, நெளிந்தால் மனசு நோகுமே என்று தாட்சண்யம். வெறும் மரியாதைக்காகப் பத்தொன்பது பேர் ஒரு ஜப்பான்காரன் படத்தை ஐம்பத்திரண்டு நிமிஷம் மூச்சுக் காட்டாமல் பார்த்த வீடு உலகத்தில் எங்கள் வீடு ஒன்றாகத்தான் இருக்கும்.

மாடிக்குமேல் ஓர் அறை இருந்தது. அங்கே நீளக் கோட்டுப் போட்ட ஒருத்தன் அவளிடம் ஏதோ இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு, இரும்புக் கதவைத் திறந்து வெளியே போனான். கதவு சாத்திக்கொண்டது. அதன்பிறகு அவள் உட்கார்ந்திருந்தாள். அவ்வளவுதான். மழை பெய்தது, அவள் உட்கார்ந்திருந்தாள். மிக்சர்த் தட்டுகள் காலியாகி இரண்டாம் காப்பி வந்தது, அவள் உட்கார்ந்திருந்தாள். கடைசியில் வெளியே காலடிச் சத்தம். கதவில் இருக்கிற சக்கரம் பைய ஒரு சுற்றுத் திரும்புகிறது. அவள் நிமிர்ந்து பார்க்கிறாள். அந்த நொடியில் நாதஸ்வரமும் தவிலும் காதைப் பிளக்க, நீங்கள் திறந்த காரில் மாலையும் கழுத்துமாக வந்துகொண்டிருக்கிறீர்கள். மாப்பிள்ளையைப் பார்த்து மாமனார் "அடச்சே" என்று சொன்னது தப்புத்தான். அன்றைக்கே மன்னிப்புக் கேட்டிருக்கவேண்டும், இப்போது கேட்டுக்கொள்கிறேன்.

அதோடும் போகவில்லை. தாலி கட்டி, பந்தி நடந்து, மறுவீட்டுக்குத் திசையன்விளை கிளம்பக் கார்க் கதவைத் திறக்கிற இடத்தில் கேசட் தீர்ந்துபோயிற்று. உங்கள் தகப்பனாரின் புது வீடு, சலவைக்கல் தளம், மறுவீட்டுப் பந்தி, ஒன்றும் இல்லை. ஷேக் மைதீனை ஆள் விட்டுக் கூப்பிட்டோம். நீங்கள் கொடுத்த ஐந்தில் ஒன்று காலிக் கேசட் இல்லை, அதில் ஏற்கனவே ஒரு ஜப்பான் கார்ட்டூன் படம் இருந்தது, அதுவும் பாதியில் நின்றிருந்தது, அவன் முன்னால் சுற்றிப் பார்க்காமல் அப்படியே போட்டுப் பதிந்துவிட்டான் என்று அப்போதுதான் தெரிந்தது. இன்னொரு கேசட்டில் முழுசாகப் போட்டுத் தருகிறேன் என்று அவன் காலில் விழாத குறையாகச் சொன்னான். உங்கள் தகப்பனார் கேட்கவில்லை. "கல்யாணக் கேசட்டுக்குத் தலைமாட்டுல இந்த இருட்டு ஆகாது. அதை அழிச்சு, அது மேலயே மறுவீட்டப் பதியணும்" என்றார். அப்படியானால் மறுவீடு முதலிலும் தாலி கட்டு அதற்கப்புறமும் வருமே என்று பணிவாகக் கேட்டுப் பார்த்தேன். அதனால் தோஷமில்லை என்றுவிட்டார். ஆடி பிறக்கப்போகிறது, ஆடியில் நல்ல காரியத்தைத் தொடக்கூடாது, ஆவணிக் கடைசி வெள்ளி, அதாவது செப்டம்பர் பன்னிரண்டு, தானே வந்து வாங்கிப் போவதாக நாளும் குறித்தார். அதுவரை கேசட் என் பொறுப்பில்.

இப்போது மனசைத் திறந்து ஒன்று சொல்கிறேன், தப்பாக நினைக்கக்கூடாது. உங்களை நான் மொத்தமாக மூன்று தடவை பார்த்திருக்கிறேன். பெண் பார்க்க வந்த அன்று நீங்கள் பஜ்ஜியையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். நிச்சயத்தன்று மாலைக்குள் இருந்தீர்கள். கல்யாணத்தன்று புகைக்குள் இருந்தீர்கள். பத்துப் பொருத்தத்தில் ஒன்பது இருக்கிறது என்று ஜோசியர் சொன்னதுதான் உங்களைப்பற்றி எனக்குத் தெரிந்தது. பெண்ணைக் கடல் தாண்டி அனுப்பிவிட்டு, ஆள் எப்படி என்று யோசிக்க ஆரம்பித்தால் தூக்கம் வருமா? சித்ரலேகா எழுதுகிற கடிதம் மூன்று வரி. நான் சுகம், அவர்கள் சுகம், இங்கே மழை. போனில் வந்தாலும் மூன்று நிமிஷமும் உங்கள் அத்தை அழுதே தீர்த்துவிடுகிறாள், சித்ரலேகா "ம்" என்கிறாள். அந்த "ம்"முக்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியவில்லை. இந்தச் சமயத்தில்தான் உங்களுடைய கேசட் என் கையில் இருக்கிறது. ஒரு மனுஷன் தனியாக இருக்கும்போது என்ன பார்க்கிறான் என்று தெரிந்தால் அவனையே தெரிந்த மாதிரி. ஆகவே விசாரணை நோக்கத்தோடு மட்டும், வேறு எந்த ஆசையாலும் அல்ல, ஆடி ஒன்றாம் தேதி நான் அந்தப் படத்தை மறுபடி போட்டேன்.

முப்பத்திரண்டு வருஷம் அணைக்கட்டில் ஆற்று மட்டம் பார்த்து எழுதினவன் நான். மணிக்கு ஒருதரம் அளவுக்கோலைப் பார்த்து, ஏறினால் ஏறிற்று, இறங்கினால் இறங்கிற்று, அசையாவிட்டால் "மாற்றமில்லை" என்று எழுதவேண்டும். அதே மாதிரி ஒரு நோட்டுப் போட்டேன். நிமிஷம் 1 முதல் 4, மழை, மாற்றமில்லை. 5 முதல் 11, படி. 19, கோட்டுக்காரன் வெளியே போகிறான். 20 முதல் 51, மாற்றமில்லை. பகலில் போட்டால் படம் தெரியாது, கண்ணாடியில் என் முகம்தான் தெரியும், அவ்வளவு இருட்டு. ஜன்னலுக்கெல்லாம் ஜமுக்காளம் கட்டினேன். சுடலைவடிவு மதினி வந்து, வீட்டில் யாருக்காவது கண்வலியா என்று விசாரித்துவிட்டு, வேப்பிலை கொடுத்துவிட்டுப் போனாள். உங்கள் அத்தை என்னோடு பேசுவதை நிறுத்தினாள். நான் அசரவில்லை.

நாலாந்தரம் பார்க்கும்போது, "மாற்றமில்லை" என்று நான் எழுதினது பொய் என்று தெரிந்தது. முப்பதாவது நிமிஷத்தில் அவள் கை மடியில் இருக்கிறது, முப்பத்து மூன்றில் தரையில் இருக்கிறது. எப்போது எடுத்தாள்? திரும்பப் போட்டுப் பார்த்தேன். எடுக்கிறாள், ஒரு நிமிஷம் பூரா எடுக்கிறாள், நான்தான் பார்க்கவில்லை. அந்தக் கருப்பும் ஒரே கருப்பு இல்லை. சுவர் ஒரு கருப்பு, ஜன்னல் ஒரு கருப்பு, அவள் தலைமுடி வேறு. கண் பழகப் பழகத்தான் ஒவ்வொன்றாகப் பிரிகிறது. நம் ஊர்ப் படத்தில் அவள் படி ஏறி முடிப்பதற்குள் மூன்று பாட்டு, ஒரு கற்பழிப்பு முயற்சி, தகப்பனார் சாவு எல்லாம் முடிந்திருக்கும். நமக்கு யோசிக்க நேரமே தரமாட்டார்கள். இந்த ஜப்பான்காரன் தருகிறான். பேச்சு ஜப்பான் பாஷை, கீழே ஓடுகிற எழுத்து சீன எழுத்து, எனக்கு ஒன்றும் புரியாது. ஆனால் அவள் ஏன் உட்கார்ந்திருக்கிறாள் என்பது நன்றாகப் புரிகிறது. கல்யாணம் முடிந்து பந்தல் பிரித்தபிறகு, வருகிறவர்கள் எல்லோரும் "பொறுப்பு முடிஞ்சுது, இனி நிம்மதி" என்றுதான் சொன்னார்கள். வீடு வெறிச்சென்று கிடக்கிறதே என்று ஒருவரும் சொல்லவில்லை. இந்தப் படம் ஒன்றுதான் அதைச் சொல்லிற்று. அதனால்தான் பிடித்துப்போயிற்று, விசாரணைக்கு உட்பட்டு.

பத்து நாள் கழித்து உங்கள் அத்தையும் முருங்கைக்கீரை ஆய்கிற சாக்கில் பக்கத்தில் வந்து உட்கார ஆரம்பித்தாள். அடுப்படிக்குப் போய்விட்டு வரும்போதெல்லாம், "அந்தப் பிள்ளை இன்னும் உக்காந்துதான் இருக்காளா?" என்பாள். ஆமாம் என்பேன். ஒரு நாள் கீரைத் தட்டைக் கீழே வைத்துவிட்டு, "நம்ம சித்ராவும் இப்படித்தானே இருப்பா. பதினோராவது மாடி. பகல் பூரா ஒத்தையில" என்றாள். அதன்பிறகு அன்றைக்கு நாங்கள் இரண்டுபேரும் சாப்பிடவில்லை.

மாப்பிள்ளை, இதுதான் எனக்குள்ள கவலை. உங்களைப்பற்றி இதுவரை நான் கண்டது நல்லதாகவே இருக்கிறது. ஒரு பெண் ஏழு நிமிஷம் படி ஏறுவதை அலுக்காமல் பார்க்கக்கூடியவன், என் மகள் புடவைக்கடையில் நாலு மணி நேரம் எடுத்தாலும் முகம் சுளிக்கமாட்டான். பேசாமல் இருக்கிறவளின் மனசை, பேசாமல் இருக்கும்போதே தெரிந்துகொள்ளக் கூடியவன். ஆழமானவன், பொறுமைசாலி, அந்தப் பத்தாவது பொருத்தம் இதுதான் என்றெல்லாம் நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். ஆனால் ஒரு இடம் இடிக்கிறது. நீங்கள் ஐம்பத்திரண்டாவது நிமிஷத்தில் கேசட்டை நிறுத்தியிருக்கிறீர்கள். சக்கரம் திரும்புகிறது, அவள் நிமிர்கிறாள், போனவன் திரும்பி வந்துவிட்டானா இல்லையா என்று தெரியப்போகிற அந்த நொடியில் ஒரு மனுஷன் எழுந்து நிறுத்திவிட்டுப் போவானா? அவள் இத்தனை நேரம் காத்திருந்தாளே, கூட ஒரு நிமிஷம் உங்களால் இருக்க முடியவில்லையா? இதற்கு நீங்கள் பதில் சொல்லியே ஆகவேண்டும். மாமனார் என்ற முறையில் கேட்கிறேன்.

படத்தை மட்டும் நகல் எடுத்து வைத்துக்கொண்டு கேசட்டைக் கொடுத்துவிடலாமே என்று ஷேக் மைதீன் யோசனை சொல்லி, எடுத்தும் கொடுத்தான். ஏற்கனவே இருட்டு, அதில் நகல் வேறு. போட்டுப் பார்த்தால் கரிச்சட்டியின் அடிப்பாகம்தான் தெரிகிறது, மழைச் சத்தம் மட்டும் கேட்கிறது. "அண்ணாச்சி, இருக்கதைத்தான நான் எடுக்க முடியும்" என்றான். அவனைச் சொல்லிக் குற்றமில்லை. உங்கள் தகப்பனார் இரண்டு தடவை போன் பண்ணி நாளை ஞாபகப்படுத்திவிட்டார். சம்பந்தி மனம் கோணினால் அது என் மகள் தலையில் விடியுமே என்று உங்கள் அத்தை பயப்படுகிறாள். எனக்கும் பயம்தான். ஆனாலும் பிடித்த பிடியை விடுவதாக இல்லை. கேசட்டை அரிசிப் பானைக்குள் வைத்திருக்கிறேன். ஆகையால் இந்தக் கடிதம் கண்டதும் அந்தப் படத்தின் முழுக் கேசட்டை அனுப்பவும், கதவு திறந்ததா என்று எழுதவும், இங்கே தலைமாட்டு இருட்டை அழிக்கவேண்டாம் என்று உங்கள் தகப்பனாருக்கு ஒரு வரி தட்டிவிடவும். மூன்றையும் செய்தால் உத்தமம், முதல் இரண்டுமாவது கட்டாயம்.

சித்ரலேகாவுக்கு எங்கள் பரிபூரண ஆசீர்வாதம். மழையில் நனையாமல் இருக்கச் சொல்லவும். உங்களுக்கும் ஆசீர்வாதம், விசாரணை முடியும்வரை முக்கால் பங்கு.

இப்படிக்கு,
அன்புள்ள மாமா,
தாணுமாலையன்.

பின்குறிப்பு. 26-8-97, செவ்வாய். உறையை ஒட்டித் தபால்தலையும் ஒட்டி முடித்தபிறகு, பதினோரு மணித் தபாலில் சித்ரலேகாவின் கடிதம் வந்தது. ஆறு பக்கம். இங்கே நடப்பதையெல்லாம் உங்கள் அத்தை எனக்குத் தெரியாமல் இந்த மாத ஆரம்பத்திலேயே அவளுக்கு எழுதியிருக்கிறாள். உறையைப் பிரித்து இதை எழுதுகிறேன். அந்தப் படம் உங்களுடையதே இல்லையாம். கல்யாணத்துக்கு முன்னால் உங்களோடு ஒரே அறையில் இருந்த கடையநல்லூர் யஹ்யாவுடையதாம். அவர் பார், பார் என்று பிடுங்கியெடுத்ததால் போட்டுவிட்டு, ஐந்தாவது நிமிஷத்தில் தூங்கி, ஐம்பத்திரண்டாவது நிமிஷத்தில் முழித்து நிறுத்தினீர்களாம், பிறகு அது காலிக் கேசட்டுகளோடு கலந்துவிட்டதாம். ஆகவே மேலே ஆழம், பொறுமை, பத்தாவது பொருத்தம் என்று நான் எழுதியிருப்பதையெல்லாம் யஹ்யா அவர்களுக்கு எழுதியதாகப் பாவித்துக்கொள்ளவும். உங்கள் மேல் சுமத்திய குற்றச்சாட்டும் வாபஸ். தூங்குகிறவன் மேல் வழக்கு நிற்காது.

அவள் கடிதத்தில் ஒரு இடத்தை அப்படியே பெயர்த்து எழுதுகிறேன். "யஹ்யா அண்ணன்ட்ட முழுப் படமும் இன்னொரு கேசட்டுல இருந்துச்சு, அதை வாங்கி இப்ப நான்தான் பாக்கேன். அவிய ஆபீஸ் விட்டு வந்ததும் பக்கத்துல உக்காந்து அஞ்சாவது நிமிஷமே தூங்கிருதாவ. எந்திச்சுப் போய்ப் படுங்கன்னாலும் போமாட்டாவ. முடிஞ்சதும் முழிச்சு, என்ன ஆச்சுன்னு கேக்காவ. நான் முதல்லருந்து சொல்லுதேன். கதவு தொறந்துச்சான்னு உங்களுக்கு இப்ப சொல்லமாட்டேன். பொங்கலுக்கு வாரோம், நேர்ல சொல்லுதேன்."

இதை உங்கள் அத்தையும் நானும் மாற்றி மாற்றி மூன்று தடவை படித்தோம். எனக்கு இது போதும், மாப்பிள்ளை. விசாரணை முடிந்தது. ஜமுக்காளத்தைக் கழற்றித் துவைக்கப் போட்டாயிற்று. கேசட்டைப் பன்னிரண்டாம் தேதி வெள்ளிக்கிழமை உங்கள் தகப்பனார் கையில் நானே கொடுத்துவிடுகிறேன், மறுவீடு முதலில் வந்துவிட்டுப் போகட்டும். மேலே கேட்ட மூன்றில் எதையும் நீங்கள் செய்யவேண்டாம். யஹ்யா அவர்களின் விலாசத்தை மட்டும் உடனே அனுப்பிவைக்கவும். பொங்கலுக்கு இன்னும் நாலரை மாதம் கிடக்கிறது.